கடன் முடிந்தும் பேர் மாறாத கார்

பட்டர்வொர்த் அண்ணன் ஒருவரிடம் பழைய மைவி கார் பேசி முடித்தேன். கார் சுத்தம். கிரானில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழில்தான் வில்லங்கம்: அண்ணனின் கார் கடனுக்காக வங்கியின் உரிமைக் கோரிக்கை பதிவாகியிருந்தது. அது நீங்காமல் ஜேபிஜேயில் (மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை) பேர் மாற்ற முடியாது.

மிச்சக் கடனை அண்ணன் கையில் கொடுக்கவில்லை. வங்கியிடம் தீர்வுத் தொகையை எழுத்தில் வாங்கச் சொன்னேன்; அதில் போட்ட தேதிவரைதான் அந்தத் தொகை செல்லும். நேராகக் கடன் கணக்கிலேயே கட்டினேன். கார் விலையில் மீதி, பேர் மாறிய பிறகு. அண்ணனுக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. பரவாயில்லை, பணம் என்னுடையது.

கட்டியாயிற்று, கணக்கும் பூஜ்யம். ஆனால் ஜேபிஜே கணினியில் கோரிக்கை அப்படியே நின்றது. கடன் அண்ணன் பெயரில் என்பதால் அவரையே வங்கிக் கிளைக்கு அழைத்துப் போய், ரசீதையும் ஐசியையும் (அடையாள அட்டை) நீட்டினோம். கவுண்டரில் இருந்த பெண் திரையை உருட்டிப் பார்த்துவிட்டு, “விடுவிப்பு இன்னும் அனுப்பவே இல்லையே” என்றார். அனுப்ப வைத்துவிட்டுத்தான் நகர்ந்தோம்.

அப்புறம்தான் பி5 சோதனை, அதாவது பேர் மாற்றத்துக்கான வாகனப் பரிசோதனை. அந்த அறிக்கைக்குக் காலாவதி உண்டு. அவசரப்பட்டு முதலிலேயே எடுத்தால் காசு தண்டம். காப்புறுதியை என் பேரில் எடுத்தேன். ஜேபிஜேயில் இருவரும் கட்டைவிரல் வைத்ததும் மீதிப் பணத்தை அண்ணனுக்கு அங்கேயே மாற்றிவிட்டேன்.