மண்மேட்டை ஒட்டிய அறையில் பூஞ்சணம்: தண்ணீர் புகுந்தால் என்ன செய்வது?

மலையகத்தில் நிலத்தடி அறை கட்டுவோர் குறைவு. ஆனால் சரிவை வெட்டிக் கட்டிய வீட்டில், பின்சுவர் மண்மேட்டோடு ஒட்டி நிற்கும் அறையும் அதே பாடுதான் படும். ஹட்டன், நுவரெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் முதலில் நனைவது அந்த அறை.

உள்ளே போகுமுன் மேட்டைப் பாருங்கள். புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனச் சேறாக ஊறும் தண்ணீர் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் துப்புரவை விட்டுவிட்டு எல்லோரும் வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. மேட்டில் ஆபத்து இல்லையென்றால் மெயின் சுவிட்சை அணையுங்கள். தண்ணீரில் நின்றபடி அதைத் தொடவே வேண்டாம்.

நனைந்த பொருளில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். ஆகவே தண்ணீரை வழித்துத் தள்ளிய கையோடு சாமான்களை வெளியே எடுங்கள். ஊறிய மெத்தை, தலையணை, சிப்போட் அலமாரி தேறாது. கெட்டிப் பலகையைக் கழுவி உலர்த்தலாம். வெயில் அடிக்கும்போது ஜன்னல்களைத் திறந்து, மூடுபனி இறங்கும்போது சாத்துங்கள். அறையைக் காயவைக்கக் கரி அடுப்பை உள்ளே மூட்டுவது உயிராபத்து: மூடிய அறையில் சேரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை.

பூஞ்சணம் ஏற்கெனவே பிடித்திருந்தால் மின்விசிறி போடாதீர்கள், வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும். ஆஸ்துமா உள்ளவர்களும் பிள்ளைகளும் அந்த அறைக்கு வரக்கூடாது. என்95 முகக்கவசமும் ரப்பர் கையுறையும் போட்டு, சுவரை முதலில் ஈரமாக்கிய பின், சவர்க்காரத்தூள் கரைத்த வெந்நீரால் பிரஷ் வைத்துத் தேயுங்கள். சீமெந்துத் தரை, டைல்ஸ் போன்றவற்றுக்கு 4 லீற்றர் தண்ணீரில் ஒரு கோப்பை, அதாவது ஏறக்குறைய 240 மில்லிலீற்றர், குளோரின் பிளீச் கலக்கலாம். வினாகிரியையோ கழிவறை அசிட்டையோ அதோடு சேர்த்தால் நச்சு வாயு கிளம்பும். அஸ்பெஸ்டஸ் சீலிங்கைச் சுரண்டவோ அரத்தாள் போடவோ கூடாது. ஈரத்துணியால் மெல்லத் துடைப்பதோடு நிறுத்துங்கள். சுவரில் வெள்ளைப் பொடி இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கரைந்தால் அது உப்பு, பூஞ்சணம் அல்ல.

இவ்வளவு செய்தும் அடுத்த மழைக்குத் திரும்ப வந்தால், தேய்த்ததில் குறையில்லை, தண்ணீரின் வழி அடைபடவில்லை. ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனைச் சுவரில் நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். பொலித்தீனுக்குப் பின்னால் ஈரம் கோர்த்தால் தண்ணீர் மண்ணிலிருந்து சுவர் வழியே வருகிறது. அறையின் பக்கம் கோர்த்தால் அது காற்றின் ஈரம். உள்ளே துணி காயப்போடுவதும், மூடியபடி சமைப்பதும் பெரும்பாலும் காரணம்.

முதலாவதுதான் என்றால் வேலை வெளியே. பின்பக்கக் கானில் அடைந்த மண்ணையும் இலையையும் வாருங்கள். கானின் அடி, வீட்டுத் தரையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். 1 மீற்றருக்கு 1 சென்ரிமீற்றர் சரிவாவது வேண்டும். கூரைப் பீலித் தண்ணீரை மேட்டடியில் விழவிடாமல் குழாய் வைத்து அப்பால் கொண்டுபோங்கள். ஆழமான கான் தேவையென்று மேட்டின் அடியை நீங்களாக வெட்டாதீர்கள், மேடு சரியும். அதற்குப் பொறியியலாளரின் ஆலோசனை வேண்டும்.

ஈரச் சுவரில் இமல்சன் பூசினால் கொப்புளித்து உரியும், அடியில் பூஞ்சணம் வளரும். பொலித்தீன் சோதனையில் ஈரம் தெரியாத பிறகே பூசுங்கள். பழைய பெயின்ட் இல்லாத சுவர் என்றால் சுண்ணாம்பு நல்லது, சுவரின் ஈரம் அதன் வழியே வெளியேறும். அலமாரியைச் செங்கல்மேல் ஏற்றி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.