சேர்வராயன் மலையை வரைவோம்: அக்ரிலிக்கில் முதல் படம்

சேலத்தில் மொட்டை மாடி ஏறி வடக்கே பார்த்தால் சேர்வராயன் மலை தெரியும். அக்ரிலிக் பழக அதைவிட நல்ல பாடம் இல்லை என்பது என் கட்சி. மலை அடுக்கடுக்காக நிற்கிறது. அக்ரிலிக்கும் அடுக்கடுக்காகப் பூசவேண்டிய வண்ணம்தான். பூவும் முகமும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தண்ணீரில் கலந்த பிளாஸ்டிக் பசையில் நிறத்தூளைக் குழைத்தால் அதுதான் அக்ரிலிக். ஈரமாக இருக்கும்வரை தண்ணீரில் கரையும். ஈரம் வற்றி இறுகிவிட்டால் எவ்வளவு கழுவினாலும் போகாது. அதனால் காய்ந்த அடுக்கின் மேல் பயமில்லாமல் அடுத்ததைப் பூசலாம். மெல்லிய பூச்சு பத்து இருபது நிமிடத்தில் காய்ந்துவிடும். சித்திரை வெயிலில், சேலத்து வீட்டில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தால் அந்த அவகாசமும் கிடையாது. பிரஷைக் கழுவிவிட்டு வருவதற்குள் தட்டில் இருக்கும் வண்ணம் ஆடை கட்டிவிடும். அதே டியூபை எடுத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏற்காட்டு மூடுபனியில் உட்கார்ந்து பாருங்கள்: வண்ணம் காயவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஆகவே கீழே வரைபவர்கள் ஃபேனை அணைத்துவிட்டுக் காலையிலேயே உட்காருங்கள்.

என்னென்ன வாங்கலாம்

இருபத்து நான்கு நிறப் பெட்டி வேண்டாம். டைட்டானியம் வெள்ளை (இது மட்டும் பெரிய டியூப்), அல்ட்ராமரைன் நீலம், லெமன் எல்லோ, கிரிம்சன் (அடர் சிவப்பு), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), இந்த ஐந்து போதும். கறுப்பு வாங்காதீர்கள், காரணம் கீழே வருகிறது. கடையில் போஸ்டர் கலரைக் கையில் கொடுத்துவிடப் போகிறார்கள், டியூபில் ‘அக்ரிலிக்’ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். போஸ்டர் கலர் காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் கரையும், அடுக்கு நிற்காது.

எட்டுக்குப் பத்து அங்குல கேன்வாஸ் போர்டு ஒன்று. சிந்தெடிக் பிரஷ் மூன்று: ஓர் அங்குலத் தட்டை, நடுத்தரத் தட்டை, கூர்முனை உள்ளது ஒன்று.

வண்ணத் தட்டை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். மூடி உள்ள தட்டையான பிளாஸ்டிக் டப்பாவில் பருத்தித் துணியை நனைத்து, லேசாகப் பிழிந்து விரியுங்கள். அதன் மேல் பட்டர் பேப்பர். வண்ணத்தை அந்தப் பேப்பரில் பிதுக்கினால் அடியிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். வேலை முடிந்து மூடி வைத்தால் மறுநாளும் வண்ணம் உயிரோடு இருக்கும். சேலத்துக்காரர்களுக்கு இது கட்டாயம்.

வானம்

பென்சிலால் மலையின் விளிம்பை ஒரு கோடாக மெல்லிசாக இழுத்துக்கொள்ளுங்கள், அதைவிடப் பென்சில் வேலை தேவையில்லை. வெள்ளையில் துளி நீலம் சேர்த்து, ஈரமான பெரிய பிரஷால் மேலிருந்து கீழே இழுங்கள். கீழே வர வர வெள்ளையைக் கூட்டுங்கள், மலைக்கோட்டுக்குப் பக்கத்தில் பொட்டளவு கிரிம்சன். இதை மட்டும் வேகமாகச் செய்யவேண்டும். பாதி காய்ந்த இடத்தைத் திரும்பத் தேய்த்தால் பூச்சு பிய்ந்து வரும். திட்டாக இருந்தாலும் விட்டுவிட்டு, நன்றாகக் காய்ந்ததும் இன்னொரு பூச்சு கொடுங்கள்.

மலைகள்

படத்தின் உயிர் இங்கேதான். தொலைவில் இருப்பது பச்சை மலைதான் என்று நமக்குத் தெரியும், ஆனால் கண்ணுக்குத் தெரிவது வெளிறிய நீலம். இடையில் இருக்கும் காற்று நீல ஒளியைச் சிதறடித்து மலையின் மேல் ஒரு திரை போட்டுவிடுகிறது. தெரிந்ததை மறந்துவிட்டுத் தெரிவதைப் பூசுங்கள்.

தொலைவில் தெரியும் கடைசி வரிசைக்கு வெள்ளையே பெரும்பங்கு. அதில் நீலம் கொஞ்சம், நீலத்தின் பளபளப்பை அடக்கப் பர்ன்ட் சியன்னா ஒரு பொட்டு. எப்போதும் வெளிர் நிறத்தில் அடர் நிறத்தைத் துளித்துளியாகச் சேருங்கள். தலைகீழாகச் செய்தால் பாதி டியூப் வெள்ளை காலி. இன்னொன்று, ஈரத்தில் பசை பால் போல வெளுத்திருப்பதால் வண்ணம் வெளிறித் தெரியும், காய்ந்தால் ஒரு படி கறுக்கும். ஒரு காகிதத் துண்டில் தீற்றிக் காயவிட்டுப் பார்த்த பிறகே படத்தில் வையுங்கள்.

அது காய்ந்ததும் நடு வரிசை. வெள்ளையைக் குறையுங்கள், மஞ்சளைத் துளி விடுங்கள். நீலம் சாம்பல் பச்சைக்குத் திரும்பும். அடிவாரத்துக்கு நீலமும் மஞ்சளும் கலந்த பச்சை, அதில் பர்ன்ட் சியன்னா. இந்தப் பர்ன்ட் சியன்னாவை விட்டால் பச்சை பிளாஸ்டிக் வாளி நிறத்தில் வந்து நிற்கும். மிக இருண்ட இடங்களுக்கு நீலத்தையும் பர்ன்ட் சியன்னாவையும் வெள்ளை இல்லாமல் கலந்தால் கறுப்புக்குப் பக்கத்தில் வரும், ஆனால் டியூப் கறுப்பைப் போலச் செத்துக் கிடக்காது. கறுப்பு வேண்டாம் என்றது இதற்குத்தான்.

காலை வெயில் என்றால் வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து, மாலை என்றால் இடப்பக்கத்திலிருந்து வரும். ஒன்றை முடிவு செய்துகொண்டு, அந்தப் பக்கச் சரிவுகளில் மட்டும் வெள்ளை, மஞ்சள் கலந்த தீற்றல்கள் நாலைந்து வையுங்கள். எல்லாச் சரிவிலும் வைத்தால் மலை தட்டையாகிவிடும்.

மேகமும் முன்புறமும்

சிகரத்தில் தங்கும் மேகத்துக்கு, வெள்ளையைத் தொட்ட பிரஷைத் துணியில் துடைத்துக் கிட்டத்தட்ட உலர்ந்த நிலையில் மெல்லத் தேயுங்கள். கேன்வாஸின் மேடுகளில் மட்டும் ஒட்டும், அடியிலுள்ள மலை மங்கலாகத் தெரியும். முன்புறம் உங்கள் இஷ்டம்: செம்மண், இரண்டு தென்னை, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி.

முடித்த பின்

பிரஷை நடுவில் சும்மா வைக்க நேர்ந்தால் தண்ணீரில் நனைத்துப் படுக்க வையுங்கள், கடைசியில் சோப்புப் போட்டு மயிரின் அடிவரை கழுவுங்கள். இறுகிவிட்ட பிரஷை ஆல்கஹால் கலந்த சானிடைசரில் ஊறவைத்தால் ஓரளவு மீட்கலாம். தட்டில் மிச்சமிருக்கும் வண்ணத்தைப் பழைய செய்தித்தாளில் துடைத்தெடுங்கள், சாக்கடையில் விடாதீர்கள்.

கோடையில் படங்களை முகத்தோடு முகம் அடுக்காதீர்கள். காய்ந்த அக்ரிலிக்கும் சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும். இடையில் ஒரு பட்டர் பேப்பர் வைத்தால் போதும்.