தனி ஆளாக, ஒரு கிடாரோடு

அமெரிக்காவின் பஃபலோ நகரத்து அனி டிஃப்ராங்கோ, 1990-இல் தன் பாட்டுகளை வெளியிடத் தானே ஒரு இசை நிறுவனம் தொடங்கியவர். அந்தத் துணிச்சல்தான் புதுச்சேரியில் என்னையும் கிடாரைத் தூக்க வைத்தது.

நீங்களும் தனியாகப் பாட்டெழுதிப் பாடப் போகிறீர்களா? பாட்டு உங்கள் பேச்சுத் தமிழில் இருக்கட்டும். கிடாரில் தடித்த ஆறாவது கம்பியை ஈ (E) சுரத்திலிருந்து டி (D) சுரத்துக்கு இறக்குங்கள். நாலாவது கம்பியோடு சேர்த்து மீட்டினால், அதே சுரம் ஒரு ஸ்தாயி கீழே கேட்க வேண்டும்; கேட்டால் சரி. கட்டைவிரல் அதிலேயே தாளம் பிடிக்கட்டும். தம்புரா மாதிரி கூடவே வரும், தனியாகப் பாடுபவருக்கு அவ்வளவு பெரிய துணை!

கடற்கரைச் சாலையில் வாசித்தீர்களா? வீட்டுக்கு வந்ததும் கம்பிகளை உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். உப்புக்காற்றில் என் கம்பிகள் மூன்றே வாரத்தில் துருப்பிடித்தன.

அப்புறம், பாட்டின் உரிமையை யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள்.