இணையதள வருகைக் கணக்கில் குழப்பமா? சரியான இடத்தில், சரியான முறையில் உதவி பெறும் வழி

இணையதளம் நடத்துகிறவர்கள் உதவி தேடும்போது முன்வைக்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "வருகை திடீரென்று குறைந்துவிட்டது, என்ன காரணம்?" எவ்வளவு அனுபவம் உள்ளவராலும் இதற்கு நேரான பதில் தர இயலாது. வாசகர்களே குறைந்துவிட்டார்களா, அல்லது அவர்களை எண்ணும் கருவி எண்ணத் தவறுகிறதா என்பது கேள்வியில் தெளிவாக இல்லை. இவ்விரண்டில் எது என்பதைக் கேட்பவரே முதலில் பிரித்தறிந்துவிட்டால், பல வேளைகளில் வெளியுதவியே தேவைப்படாது. தேவைப்பட்டாலும் பதில் விரைவாகக் கிடைக்கும். பலரும் பயன்படுத்தும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4 கருவியை முன்வைத்தே இங்கு விளக்குகிறேன். முறை மற்றக் கருவிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

பிரித்தறிவதற்கு எளிய வழி, தொடர்பில்லாத வேறொரு கணக்குடன் ஒப்பிடுவது. கூகுள் தேடலிலிருந்து உங்கள் தளத்துக்கு வந்த கிளிக்குகளைக் காட்டும் கருவியான கூகுள் சர்ச் கன்சோலில் அதே நாட்களுக்கான கிளிக் எண்ணிக்கையைப் பாருங்கள். தேடல்வழி வந்த கிளிக்குகளும் அனலிட்டிக்ஸ் காட்டும் அமர்வுகளும் (ஒருவர் ஒருமுறை வந்து தளத்தில் உலவுவது ஓர் அமர்வு) ஒருபோதும் ஒரே எண்ணாக இருக்கமாட்டா. அவற்றை எண்ணும் முறைகளே வேறு. ஆயினும் ஏற்ற இறக்கம் ஒத்துப்போக வேண்டும். இரண்டும் ஒரே நாளில் சரிந்திருந்தால் வாசகர்கள் உண்மையிலேயே குறைந்திருக்கிறார்கள். அப்போது நீங்கள் தேட வேண்டியது அனலிட்டிக்ஸ் உதவியை அன்று, தேடல் தொடர்பான உதவியை. சர்ச் கன்சோல் சீராக இருந்து அனலிட்டிக்ஸ் மட்டும் விழுந்திருந்தால், கோளாறு எண்ணும் இடத்தில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

அடுத்து, வருகையை எண்ணுவதற்காக உங்கள் பக்கங்களில் சேர்க்கப்பட்ட அனலிட்டிக்ஸ் குறிநிரல் வேலை செய்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். விளம்பரத் தடுப்பான் இல்லாத உலாவியில் உங்கள் தளத்தைத் திறந்து, எஃப்12 விசையை அழுத்தி, நெட்வொர்க் பகுதிக்குச் சென்று, வடிகட்டும் பெட்டியில் 'கலெக்ட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் இட்டுவிட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். குறிநிரல் இயங்கினால் கூகுளுக்குச் செல்லும் கோரிக்கை ஒன்று தோன்றும். அதற்கான பதில் வழக்கமாக 204 என்றிருக்கும். அந்தக் கோரிக்கையின் முகவரிக்குள் 'ஜி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் அளவீட்டு அடையாள எண் இருக்கும். அது உங்கள் அனலிட்டிக்ஸ் கணக்கில் உள்ள எண்தானா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். கோரிக்கையே இல்லையென்றால், வேர்ட்பிரஸ் தீமை (தளத்தின் தோற்ற வடிவத்தை) மாற்றியபோதோ புதுப்பித்தபோதோ குறிநிரல் அழிந்திருக்கலாம். பக்கம் ஒருமுறை திறந்ததற்கு, பக்கப்பார்வைக்கான கோரிக்கை மட்டும் அதே எண்ணுடன் இருமுறை சென்றால், தீம் வழியாக ஒன்றும் பிளகின் (கூடுதல் வசதி தரும் துணைநிரல்) வழியாக ஒன்றுமாகக் குறிநிரல் இரண்டு இடங்களில் இருக்கிறது; பார்வைகள் இரட்டிப்பாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கோரிக்கை ஒழுங்காகச் சென்றால், இப்போது தளத்தில் இருப்பவர்களைக் காட்டும் அனலிட்டிக்ஸின் ரியல்டைம் அறிக்கையில் உங்கள் வருகை சற்று நேரத்தில் தெரிய வேண்டும்.

ரியல்டைமில் தெரிந்தும் வழக்கமான அறிக்கையில் தெரியவில்லை என்பதால் கலங்க வேண்டியதில்லை. அறிக்கைகள் முழுமையடைய 24 முதல் 48 மணி நேரம் ஆகலாம். இதேபோல் கோளாறு என்று கருதப்படும் இயல்பான நிலைமைகள் இன்னும் சில உண்டு. கணக்கின் நேர மண்டலம் அமெரிக்க நேரத்தில் விடப்பட்டிருந்தால், நம் ஊரின் காலை வருகைகள் முந்தைய நாளின் கணக்கில் விழும். நாமே அறிக்கைகளை வடிவமைத்து ஆராயும் எக்ஸ்ப்ளோரேஷன் பகுதியில் பழைய விவரங்கள் மறைந்துவிட்டதாகத் தோன்றினால், தரவு தக்கவைப்புக் காலத்தைப் பாருங்கள். இலவசக் கணக்கில் அது தொடக்கத்தில் 2 மாதமாகவே இருக்கும், 14 மாதம் வரை நீட்டிக்கலாம், ஆனால் நீக்கப்பட்டது திரும்பி வராது. இணையக் கடையில் பணம் கட்டிவிட்டுத் திரும்புகிறவர்கள் பணம் பெறும் சேவையின் தளத்திலிருந்து வந்தவர்களாகப் பதிவாவதும் இந்த வகைதான். அந்த டொமைனைத் தேவையற்ற பரிந்துரைகளின் பட்டியலில் சேர்த்தால் போதும். தமிழில் பக்க முகவரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் முகவரியில் ஒன்பது எழுத்துக்குறிகளாக விரிவதால், அறிக்கையில் சதவீதக் குறிகளும் எண்களுமாகத் தெரியலாம். அங்கே முகவரிக்குப் பதிலாகப் பக்கத் தலைப்பை வைத்துப் படிப்பது எளிது.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகும் தீராவிட்டால் உதவி தேட வேண்டியதுதான். இலவச அனலிட்டிக்ஸ் கணக்குக்குத் தொலைபேசி உதவி கிடையாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம், உதவி எண் என்று தேடுகிறவர்களைக் குறிவைத்துப் போலி எண்கள் உலவுவதுதான். அவர்கள் கடவுச்சொல்லையோ ஓடிபியையோ கேட்பார்கள், தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலியை நிறுவச் சொல்வார்கள். அங்கேயே அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். இலவசப் பயனருக்குக் கிடைப்பவை கூகுளின் உதவி மையக் கட்டுரைகளும், தன்னார்வ வல்லுநர்கள் பதில் சொல்லும் உதவிச் சமூகமும்தான். கட்டுரைகளைத் தேடும்போது தேதியைப் பாருங்கள். பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1 அன்று இலவசக் கணக்குகளுக்குத் தரவு பெறுவதை நிறுத்திவிட்டது. அதற்காக எழுதப்பட்ட வழிமுறைகள் இணையத்தில் இன்னும் நிறைந்திருக்கின்றன, அவை சொல்லும் மெனுக்கள் இன்றைய கருவியில் இல்லை. கோளாறு பிளகினில் என்றால் அந்தப் பிளகினை உருவாக்கியவர்களிடமும், சொந்த சர்வரில் மட்டோமோ என்ற மற்றொரு வருகைக் கணக்குக் கருவியை நடத்துகிறவர்கள் அதன் பயனர் மன்றத்திலும் கேட்பதே முறை. மட்டோமோவில் கேட்பதற்கு முன் நிர்வாகப் பகுதியில் உள்ள அமைப்புப் பரிசோதனையை ஓட்டி, அதன் முடிவையும் சேர்த்துக் கொடுங்கள்; அறிக்கைகள் புதுப்பிக்கப்படாததற்குக் கிரான் பணி (சர்வரில் குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) நின்றுபோனதே காரணம் என்பது பலமுறை அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வியை எழுதும் விதம்தான் பதிலைத் தீர்மானிக்கிறது. இவ்வாறு எழுதலாம்: "மார்ச் 3 முதல் பக்கப்பார்வைகள் பூஜ்ஜியம். சர்ச் கன்சோலில் கிளிக்குகள் மாறவில்லை. மார்ச் 2 இரவு கேச் பிளகின் ஒன்றை நிறுவினேன். நெட்வொர்க் பகுதியில் கலெக்ட் கோரிக்கை வரவில்லை. பிளகினை நிறுத்தினால் வருகிறது. பிளகினை வைத்துக்கொண்டே குறிநிரலை இயக்க எந்த அமைப்பை மாற்ற வேண்டும்?" எப்போது தொடங்கியது, அதற்குச் சற்று முன் என்ன மாறியது, எதைச் சோதித்தீர்கள், என்ன கண்டீர்கள், எது வேண்டும் என்ற ஐந்தும் இதில் இருக்கின்றன. ஸ்கிரீன்ஷாட் இணைக்கும்போது மின்னஞ்சல் முகவரி, வாடிக்கையாளர் பெயர், வருமானத் தொகை ஆகியவற்றை மறைத்துவிடுங்கள். உங்களுக்காக நேரம் ஒதுக்கிப் பதில் சொன்னவரிடம், அந்த வழி பலித்ததா இல்லையா என்பதைத் திரும்பச் சென்று எழுதுங்கள். அதே சிக்கலோடு பின்னால் வருகிறவருக்கும் அதுதான் பயன்படும்.

எல்லாவற்றையும்விடச் சிக்கலானது, கணக்கே கையில் இல்லாத நிலைமை. தளத்தை வடிவமைத்துக் கொடுத்தவர் தம் சொந்த மின்னஞ்சலில் அனலிட்டிக்ஸ் கணக்கைத் தொடங்கியிருப்பார். சில ஆண்டுகள் கழித்து அவரைத் தொடர்புகொள்ள முடியாமல் போகும்போது, சேர்ந்த தரவு முழுவதும் எட்டாத இடத்தில் கிடக்கும். அவரைத் தேடிப்பிடித்து, உங்கள் முகவரியை நிர்வாகியாகச் சேர்க்கச் சொல்வதே குறுக்குவழி. அது இயலாதபோது கூகுளிடம் அணுகல் மீட்புக்கு விண்ணப்பிக்கலாம். தளம் உங்களுடையது என்பதை நிரூபிக்கும் வகையில் ஒரு கோப்பைத் தளத்தின் மூல அடைவில் (முதன்மைக் கோப்புறையில்) ஏற்றும்படி கேட்பார்கள். தவறுதலாக நீக்கப்பட்ட கணக்கு என்றால் தாமதிக்க வேண்டாம்: அது 35 நாட்கள் மட்டுமே குப்பைத்தொட்டியில் இருக்கும். இப்போது சிக்கல் எதுவும் இல்லாதவர்களும் அட்மின் பகுதியைத் திறந்து, நிர்வாகியாக இருப்பவர் யார் என்று இன்றே பார்த்துவிடுவது நல்லது.

காசு கொடுத்து ஒருவரை அமர்த்துவதாக இருந்தால், கடவுச்சொல்லைப் பகிராமல் அவருடைய மின்னஞ்சலைப் பயனராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கோளாறைக் கண்டறிய மட்டும் பார்வையாளர் அனுமதி போதும். அமைப்புகளைத் திருத்த வேண்டிய கட்டத்தில் எடிட்டர் அனுமதி தரலாம். நிர்வாகி அனுமதி கேட்டால் காரணத்தைக் கேளுங்கள். உள்வருகையை (உங்கள் சொந்த ஆட்களின் வருகையை) விலக்கும் வடிகட்டியை அவர் அமைப்பதாக இருந்தால், முதலில் சோதனை நிலையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஏனெனில் செயலில் உள்ள வடிகட்டி விலக்கும் தரவு நிரந்தரமாக இழக்கப்படுகிறது. வேலை முடிந்ததும் எந்தெந்த அமைப்பு எந்தத் தேதியில் மாற்றப்பட்டது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகு அவருடைய அனுமதியை நீக்குங்கள்.