வீடு ஒழுகும்போது மெயினை மட்டும் அணைத்தால் போதாது

ஐப்பசி மழையில் ஃபேன் கப் வழியாகத் தண்ணீர் சொட்டுவதை மதுரையில் நிறைய மாடி வீடுகளில் பார்க்கலாம். தளத்துக்குள் புதைத்த ஒயரிங் பைப்பில் ஒருமுறை தண்ணீர் இறங்கிவிட்டால், அது பைப் போகிற வழியிலேயே போய் பக்கத்து அறை சுவிட்ச் போர்டுக்குள்கூட வந்து நிற்கும். அதனால் சொட்டுகிற ஃபேனின் சுவிட்சை அணைத்து, கீழே வாளியை வைத்துவிட்டு சும்மா இருந்துவிடாதீர்கள். அந்த சுவிட்ச் வரைக்கும் 230 வோல்ட் வந்துகொண்டேதான் இருக்கும்.

முதலில் மெயின். கை காய்ந்திருக்க வேண்டும், காலில் ரப்பர் செருப்பு வேண்டும், தரை ஈரமாக இருந்தால் காய்ந்த மர ஸ்டூல்மேல் நின்றுகொள்ளுங்கள். மெயின் போர்டே நனைந்திருந்தாலோ, அதற்குப் போகிற வழியில் தண்ணீர் நின்றாலோ கிட்டவே போகாதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987, அங்கே கூப்பிட்டு வெளியிலேயே சப்ளையை நிறுத்தச் சொல்லுங்கள். செல்லூர் மாதிரி கண்மாய்த் தண்ணீர் ஏறுகிற பகுதியில் இருப்பவர்கள், கீழே இருக்கும் பிளக் பாயின்ட் மூழ்கும்வரை காத்திருக்காமல் முன்னாலேயே அணைத்துவிட வேண்டும்.

அடுத்தது இன்வெர்ட்டர். பலரும் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள், எனக்குப் பெரிய கவலையும் இதுதான். மெயினை அணைத்த உடனே, கரண்ட் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து அதே 230 வோல்ட்டை லைட்டுக்கும் ஃபேனுக்கும் கொடுக்க ஆரம்பித்துவிடும், ஒழுகுவதும் பெரும்பாலும் அதே லைனில்தான். சரி, இன்வெர்ட்டரை மட்டும் அணைக்கலாமே என்றால், அப்போது மெயின் கரண்ட் அதன் வழியாக நேராகப் போய்விடும். இரண்டையும் அணைக்க வேண்டும்.

போர்டில் எம்.சி.பி., அதாவது தானாக விழுந்து கரண்டைத் துண்டிக்கிற சுவிட்ச், இருக்கிறதே என்று தைரியமாக இருக்க வேண்டாம். அது ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும் விழும், ஈரச் சுவர் வழியாக உங்கள் உடம்பில் பாய்கிற சின்னக் கசிவுக்கு விழாது. அதற்கு ஆர்.சி.சி.பி. வேண்டும், கடையில் இ.எல்.சி.பி. என்று கேட்டாலும் புரிந்துகொள்வார்கள். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமாக இல்லையென்றால் அது துண்டித்துவிடும். 30 மில்லி ஆம்பியர் என்று பார்த்து வாங்குங்கள், 300 என்று போட்டிருப்பது தீ விபத்தைத் தடுக்கத்தான், ஆளைக் காப்பாற்றாது. மழையில் அது அடிக்கடி விழுகிறது என்று சிலர் அதைத் தாண்டி ஒயரை நேராகக் கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், விழுகிறது என்றால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம்.

மழை விட்டதும் சுவர் சீக்கிரம் காய்ந்துவிடும், உள்ளே பைப்பில் தண்ணீர் நாள்கணக்கில் நிற்கும். டெஸ்டர் எரியவில்லை என்பதை நம்பி போர்டைத் தொடாதீர்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடும்போதே, ஒயர் இன்சுலேஷனைச் சோதிக்கிற மெகர் என்ற கருவி வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். 500 வோல்ட்டில் சோதித்து, ஒயர் இன்சுலேஷன் குறைந்தது 1 மெகா ஓமாவது காட்டிய பிறகுதான் அந்த லைனைப் போட வேண்டும்.

அப்புறம், யாரையாவது கரண்ட் பிடித்துவிட்டால் அவரைத் தொட்டு இழுக்காதீர்கள். மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சு இல்லையென்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சின் நடுவில் இரண்டு கையாலும் விடாமல் வேகமாக அழுத்துங்கள். எழுந்து நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஒரு இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.