வீடற்ற மாணவருக்குப் பள்ளியும் ஊரும் சேர்ந்து துணை நிற்பது எப்படி? வேலூருக்கான செய்முறை விளக்கம்

காட்பாடி ரயில் நிலைய நடைமேடையில் உறங்கும் பிள்ளையை மட்டுமே வீடற்ற மாணவர் என்று பலர் கருதுகிறார்கள். செங்கல் சூளைக் கொட்டகையில் மாதக்கணக்கில் தங்கும் குடும்பத்தின் பிள்ளையும், பாலாற்றங்கரையில் தார்ப்பாய்க்குக் கீழ் வாழும் பிள்ளையும், வாடகை கொடுக்க வழியின்றிப் பெரியம்மா வீடு, மாமா வீடு என்று மாறி மாறி ஒண்டியிருக்கும் பிள்ளையும் அவர்களுள் அடங்குவர். இப்பிள்ளைகளுக்கு உதவ முன்வரும் இளைஞர் மன்றங்களும், மகளிர் குழுக்களும், முன்னாள் மாணவர்களும் பள்ளியோடு சேர்ந்து செய்ய வேண்டியவற்றை முறைப்படி கீழே தருகிறேன்.

படி 1: பொறுப்பாளரை அமர்த்துங்கள்

பள்ளியில் ஓர் ஆசிரியர், உங்கள் அமைப்பில் ஒருவர் என இருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டு பிறந்து பின்னர் விரிவாக்கப்பட்ட மெக்கின்னி-வென்டோ சட்டம், வீடற்ற மாணவர்களுக்கென ஒரு தொடர்பாளரை ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் அமர்த்தச் சொல்கிறது. நமது கல்வி உரிமைச் சட்டத்தில் அத்தகைய பதவி இல்லை. எனினும் அச்சட்டத்தின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அக்குழுவின் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டாலே இந்தப் பொறுப்பை உருவாக்கிவிடலாம். எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்பதால்தான் இதை முதலில் வைக்கிறேன்.

படி 2: பிள்ளைகளைக் கண்டறியுங்கள்

அடிக்கடி தாமதமாக வருவது, வகுப்பில் தூங்கிவிடுவது, ஒரே சீருடையைத் துவைக்காமல் அணிவது, மழைக்கு மறுநாள் நோட்டு நனைந்திருப்பது ஆகியவை ஆசிரியர் கண்ணில் படும் அடையாளங்கள். "உன் வீடு எங்கே?" என்ற கேள்விக்குப் பிள்ளை ஏதாவது ஒரு தெருப் பெயரைச் சொல்லிவிடும். "நேற்று ராத்திரி எங்கேம்மா படுத்தீர்கள்?" என்று தனியே, கனிவாகக் கேட்டால் உண்மை வெளிவரும். பள்ளிக்கே வராத பிள்ளைகளை உங்கள் அமைப்பினர் பேருந்து நிலையம், சூளை, கல்குவாரி ஆகிய இடங்களில் கண்டால், வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநரிடம் தெரிவியுங்கள். பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுப்பது அவர்களது பணியாகும்.

படி 3: முதலில் சேர்க்கை, பிறகு காகிதம்

பெரும்பாலான பிள்ளைகள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். பிறப்புச் சான்றிதழ் இல்லை, ஆதார் இல்லை, பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று திருப்பி அனுப்பப்படும் தாய், தன் பிள்ளைக்குள்ள உரிமையை அறியாமலேயே போய்விடுகிறார். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இதில் தெளிவான பாதுகாப்பு அளித்திருக்கிறது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 14ஆம் பிரிவும், மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்று 5ஆம் பிரிவும், படிப்பு விட்டுப்போன பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்று 4ஆம் பிரிவும் கூறுகின்றன. இந்த மூன்று பிரிவுகளையும் ஒரு தாளில் அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். தலைமை ஆசிரியரிடம் வாதாடுவதற்காக அல்ல, அவருக்குத் துணையாக இருப்பதற்காக. பிள்ளை வகுப்பில் அமர்ந்த பிறகு, உங்கள் அமைப்பில் ஒருவர் குடும்பத்தோடு தாலுகா அலுவலகத்துக்கும் ஆதார் மையத்துக்கும் போய்வரட்டும். ஒரு நாள் கூலியை இழந்து வரிசையில் நிற்கும் பெற்றோருக்கு, படிவம் நிரப்பத் தெரிந்த ஒருவர் உடனிருப்பது பெரிய உதவி.

படி 4: அன்றாடத் தேவைகள்

பாடநூல், சீருடை, மதிய உணவு ஆகியவற்றை அரசு தருகிறது. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் உண்டு. ஆனால் அவற்றை வைத்துக்கொள்ள இடமில்லாத பிள்ளைக்கு வேறு ஏற்பாடுகள் தேவைப்படுகின்றன. புத்தகப் பையையும் மாற்றுச் சீருடையையும் பள்ளியிலேயே ஒரு பீரோவில் வைக்க அனுமதி பெறுங்கள். மணி அடிப்பதற்கு அரை மணி முன்னதாக வந்து பள்ளிக் குழாயில் முகம், கை, கால் கழுவிச் சீருடை மாற்றிக்கொள்ள வழி செய்தால், அந்தப் பிள்ளை மற்றவர்களோடு கூச்சமின்றி அமரும். மாலையில் விளக்கு வெளிச்சம் வேண்டும். கோயில் மண்டபமோ, தேவாலயக் கூடமோ, பள்ளிவாசலை ஒட்டிய அறையோ இரண்டு மணி நேரம் திறந்திருந்தால் போதுமானது. குடும்பம் காட்பாடியிலிருந்து பாகாயம் பக்கம் இடம் மாறினாலும், கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தைக் கொண்டு அதே பள்ளியில் தொடர முடியுமா என்று முதலில் பாருங்கள்.

பொருள் கொடுப்பதைக் காலை வணக்கக் கூட்டத்தில் அறிவிப்பதும், படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதும் கூடாது. அந்தப் படத்துக்கு அஞ்சியே பிள்ளை மறுநாள் வராமல் போகலாம்.

படி 5: பாதுகாப்பு

தனியாகத் திரியும் பிள்ளையையோ, ஆபத்தில் இருக்கும் பிள்ளையையோ கண்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். நீங்களே வீட்டில் வைத்துக்கொள்வது சரியன்று. ஆனால் ஏழ்மையை மட்டும் காரணமாக்கிப் பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பிரித்துவிடாதீர்கள். காப்பகம் கடைசி வழி என்பது அச்சட்டமே வகுத்திருக்கும் நெறி. தகுதியுள்ள குடும்பத்துக்கு மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்க வழியுண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பியுங்கள். முன்பணத்துக்காகச் சூளையை விட்டு வெளியேற முடியாமல் ஒரு குடும்பம் கட்டுண்டிருந்தால், அது 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்த கொத்தடிமை முறையாகும். தாமதிக்காமல் கோட்டாட்சியருக்குத் தெரிவியுங்கள்.

படி 6: குடும்பம் இடம் பெயரும்போது

தகப்பனாரின் கைபேசி எண் மாறிவிடும்; ஆகவே மேஸ்திரியின் எண்ணையும் சொந்த ஊரில் உள்ள பாட்டியின் எண்ணையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் பெயர், வகுப்பு, எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில் மாணவருக்குத் தரப்படும் எண்), பள்ளியின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு அட்டையில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் இட்டுத் தாயிடம் கொடுங்கள். குடும்பம் எந்த ஊருக்குப் போகிறது என்று தெரிந்தவுடன் பொறுப்பாசிரியர் அந்த ஊர்ப் பள்ளிக்குப் பேச வேண்டும். எமிஸ் பதிவைப் பழைய பள்ளி காமன் பூல் என்னும் பொதுப் பட்டியலுக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி தன் பட்டியலில் ஏற்றிக்கொள்ள இயலும். அதை அன்றே முடித்துவிட்டு, ஒரு வாரம் கழித்துப் பிள்ளை வகுப்புக்கு வந்துவிட்டதா என்று புதிய பள்ளியை அழைத்துக் கேளுங்கள்.