பூ நிறைய, தேனீ இல்லை: வீட்டுத் தோட்டத்தில் எங்கே தவறுகிறோம்?

நர்சரியில் எது அழகோ அதை வாங்கி வருவதில்தான் முதல் தவறு. அடுக்குச் செம்பருத்தி, அடுக்கு நந்தியாவட்டை எல்லாம் பார்க்க ஜோர்தான். ஆனால் அடுக்குப் பூக்களில் மகரந்தம் தர வேண்டிய கேசரங்களே பெரும்பாலும் இதழ்களாக மாறியிருக்கும். மிச்சமிருப்பதை எடுக்கவும் தேனீக்கு வழி கிடைக்காது. ஒற்றை அடுக்காகப் பார்த்து வாங்குங்கள். தேனீக்குச் சிவப்பு தனி நிறமாகத் தெரியாது. நீலம், ஊதா, மஞ்சள் நன்றாகத் தெரியும்.

தேனீ தேடி வரும் துளசியைக் கதிர் விட்டதும் கிள்ளுகிறோம். கொத்தமல்லி பூத்தால் பிடுங்குகிறோம். தும்பையைக் களை என்கிறோம். இரண்டு செடியையாவது பூக்க விடலாமே!

எல்லாம் ஒரே பருவத்தில் பூத்து ஓய்ந்தாலும் பயனில்லை. மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் துளிர்க்கும்போது இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பிலிருந்து தேன் கொட்டும். மழைக்காலம் வந்தால் அங்கே அதே தேனீப் பெட்டிகளுக்குச் சர்க்கரைப் பாகு வைத்துக் காப்பாற்ற வேண்டியிருக்கும். முருங்கை, துளசி, சூரியகாந்தி என்று மாற்றி மாற்றிப் பூப்பது போல நடுங்கள்.

மருந்து விஷயம் இதைவிட மோசம். செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைக் கண்டதும் கடையில் கேட்டு இமிடாகுளோபிரிட் வாங்கி அடிக்கிறார்கள். அது இலையோடு நிற்காது. செடியின் சாற்றில் ஏறிப் பூந்தேனிலும் மகரந்தத்திலும் வந்துவிடும். சாகாத தேனீகூட வழி தவறிக் கூடு திரும்பாமல் போகலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இதைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை விதித்தது. அசுவினிக்கு முதலில் தண்ணீரைப் பீய்ச்சிப் பாருங்கள். அடங்காவிட்டால் வேப்பெண்ணெய்க் கரைசல், அதுவும் சாயங்காலம், பூவில் படாமல்.

தேனீக்குத் தண்ணீர் வைப்பது நல்லதுதான், ஆனால் வாளியில் வைத்தால் மூழ்கிச் சாகும். தட்டில் கூழாங்கல் போட்டு, கல் நனையும் அளவுக்கு ஊற்றுங்கள்.

அப்புறம், கத்தரி காய்க்கவில்லை என்று தேனீப் பெட்டி வாங்குபவர்கள் உண்டு. வீண் செலவு. கத்தரிப் பூவின் மகரந்தப்பையில் நுனித் துளை மட்டும்தான். பூவைப் பிடித்து அதிர வைத்தால்தான் மகரந்தம் கொட்டும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை வராது. அதைச் செய்வது கருவண்டு என்று நாம் சொல்லும் பெரிய கறுப்புத் தேனீயும், வயிற்றில் நீலப் பட்டை போட்ட, கூட்டமாக வாழாத தனித்தேனீயும். ஒன்று காய்ந்த மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும், மற்றது மண்ணில் வளை தோண்டும். நாம் பட்ட கிளையை வெட்டிவிட்டு முற்றம் முழுக்க சிமெண்ட் பூசுகிறோம். கொஞ்சம் மண்தரையையும் ஒரு காய்ந்த கட்டையையும் அப்படியே விட்டாலே அவை வந்து தங்கும்.